பிணத்துக்கு வசனம் இல்லை

சீட்டுக் குலுக்கிப் போட்டதில்
எனக்கு விழுந்தது பிணம்.
துப்பறிவாளர் ரிஸ்வானா.
அவள் அண்ணனின் மழைக்கோட்டு
முழங்காலுக்குக் கீழே தொங்கியது.
மே மாதக் கடலூரில் மழைக்கோட்டு!
கொலைகாரன் யாரென்று கேட்டால்
கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்
தனசீலன் சொல்வான்:
"டிரெய்லருக்கு எதுக்குடா கொலைகாரன்?
சந்தேகம் போதும்."

எடுக்கவே போகாத படத்துக்கு
ஒன்றரை நிமிட முன்னோட்டம்.
இன்டர்னல் மார்க் இருபது.
நேரம் கூடினால் இரண்டு போய்விடும்.

முதுநகர், உப்பனாற்றங்கரை,
விடியற்காலை ஐந்தே முக்கால்.
கரையேற்றிப் போட்டிருந்த விசைப்படகின்
அடிவயிற்று நிழலில்
குப்புறக் கிடந்தேன்.
ரத்தம், ரோஸ்மில்க் எசன்சும் கோதுமை மாவும்.
ஈக்கள்தான் முதலில் நம்பின.

"முதுகு ஏறி எறங்குது,
செத்தவனுக்கு என்னடா அவசரம்?"
மூச்சை அடக்கினேன்.
அடக்க அடக்கக் காது திறந்துகொண்டது.
ஐஸ் கட்டி உடைபடுகிறது.
ஏலக்குரல் நூற்றைம்பதில் நின்று
இருநூறுக்குத் தாவுகிறது.
தெற்கே திரும்பிய காற்றில்
சிப்காட்டின் மருந்து நெடி.
மணிக்கட்டில் ஏறிய குட்டி நண்டு
கொஞ்சம் யோசித்தது,
ஆள் சரியில்லை என்று இறங்கிப் போனது.

ரிஸ்வானா குனிந்து சொல்ல வேண்டிய வரி:
"இவன் கடைசியா பார்த்தது கடலை இல்ல."
முதல் டேக்கில் காகம்.
மூன்றாவதில் ரயில்.
ஐந்தாவதில் கோட்டு தடுக்கி
என் மேலேயே விழுந்தாள்.
ஏழாவதில் அவளுக்குக் கோபம் வந்தது:
"கடலை இல்லன்னா எதைப் பார்த்தான்?
எழுதினவன் சொல்லட்டும்."
எழுதினவன் நான்.
எனக்கும் தெரியாது.
பிணம் பேசக் கூடாது.

எட்டாவது டேக்கில்
ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் சரிந்து விழும் சத்தம்.
பெட்டி உருண்டு
மணலெல்லாம் சங்கரா மீன்.
அவள் கத்தவில்லை.
ஓடி வந்து மண்டியிட்டு
தோளைப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டி
கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள்.
ஐஸில் ஊறிய விரல்கள்.
"யாரு பெத்த புள்ளயோ..."

கண்ணைத் திறந்தேன்.
அறைந்தாள்.
அன்று காலை முழுவதும்
மைக்கில் சுத்தமாகப் பதிவானது
அந்த அறை ஒன்றுதான்.

பிறகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
பெயர் அஞ்சலாட்சி என்றாள்,
நாங்கள் கேட்காமலே.
தனசீலன் "சாரிக்கா, சாரிக்கா" என்று
மீன் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
ரிஸ்வானா மட்டும்
அந்த விரல்களையே பார்த்தபடி நின்றாள்.
நாடி துடிக்கும் இடத்தை
அவை தேடவே இல்லை.
போன வழியிலேயே போவதுபோல
நேராகப் போயிருந்தன.
அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை.
மே மாத வெயிலில் நடுங்கியவளின் தோளில்
மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டாள்.

எண்ணிப் பார்த்ததில் இரண்டு மீன் குறைந்தது.
காகத்தின் பங்கு.
தனசீலன் எண்பது ரூபாய் கொடுத்தான்,
எங்கள் தயாரிப்புச் செலவில் பாதி.
வண்டியை உதைத்துக்கொண்டே கேட்டாள்:
"படம் எப்ப வரும்?"
"படம் வராதுக்கா. இது மட்டும்தான்."
"இதுல இவன் எந்திரிக்கிறது வருமா?"

மஞ்சக்குப்பத்து அறையில்
இரவு இரண்டு மணி வரை சண்டை.
புரட்டும் இடத்தில் வெட்டினால்தான்
சஸ்பென்ஸ் நிற்கும் என்கிறான் அவன்.
இன்னும் நான்கு நொடி என்கிறாள் இவள்.
"மார்க் போகும்டி."
"போகட்டும்."
மடிக்கணினியின் விசிறி
யாரோ மூச்சு வாங்குவதுபோல இரைந்தது.
என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு நிமிடம் முப்பத்து நான்கு நொடி.
முடிவில் பிணம் கண் திறக்கிறது,
அறை விழுகிறது,
இருட்டு.
இருட்டின் மேல் வெள்ளை எழுத்தில்
"விரைவில்".
வகுப்பே சிரித்தது.
இரண்டு மதிப்பெண் போனது.

மழைக்கோட்டு இன்னும் திரும்பவில்லை.
ரிஸ்வானாவின் அண்ணன்
என்னைக் கல்லூரி வாசலில் நிறுத்தி
கடைசியாக எங்கே பார்த்தாய்,
யார் யார் கூட இருந்தார்கள் என்று
துருவித் துருவிக் கேட்கிறான்.
நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.